கிணத்துத் தண்ணியிலை நைத்திரேற்று எல்லை 10 ஓ 50 ஓ? நம்பக்கூடிய ரெபரன்ஸ் எங்கை தேடுறது?

செம்மண்_பெடியன்:
வணக்கம் அண்ணாமார் அக்காமார். நான் கம்பஸ் முதலாம் வருசம், சயன்ஸ். யாழ்ப்பாணத்து வலிகாமம் பக்கத்துக் கிணறுகளிலை நைத்திரேற்று ஏன் கூடுது எண்டு ஒரு அசைன்மென்ற் தந்தவை. நானும் தோட்டக்காரற்றை பிள்ளைதானே, வெங்காயத்துக்கு உரம் போடுறது, இறைக்கேக்கை அது கீழை இறங்கிறது எல்லாம் தெரியும் எண்டு எழுதிக் குடுத்திட்டன். மிஸ் ரெபரன்ஸ் பக்கத்தைச் சுத்திச் சிவப்பு வட்டம் போட்டு "இதை ஆர் அளந்தது?" எண்டு மட்டும் எழுதித் திருப்பித் தந்திட்டா. நான் போட்டிருந்தது ரெண்டு செய்தி வெப்சைற், ஒரு யூடியூப், விக்கிபீடியா, பேந்து ஆரோ நடத்துற முகநூல் பக்கம் ஒண்டு (தண்ணியைக் கொதிக்க வைச்சா நைத்திரேற்று போயிடுமாம்). ஏ/எல் மட்டும் ரியூட்டரியும் பாஸ்ற் பேப்பரும்தான், ரெபரன்ஸ் எண்ட சொல்லே இங்கை வந்துதான் கேள்விப்பட்டனான். கூகிள் ஸ்கொலரிலை தேடினா ஆயிரக்கணக்கிலை வருது, கனக்கக் காசு கேக்குது, சும்மா கிடைக்கிறது வாசிச்சா விளங்கேல்லை. குடிதண்ணிக்கு எல்லை ஒரு இடத்திலை 10, இன்னொரு இடத்திலை 50 எண்டு கிடக்கு. எதை நம்புறது? வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுக்கோணும்.

லைபிரரி_மூலை:
தம்பி, மிஸ் நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறா, அதையே பிடிச்சுக்கொள்ளும். செய்தியிலை "ஆய்வொன்று கூறுகிறது" எண்டு வந்தா அந்த ஆய்வு எங்கை எண்டு பாரும். ஆற்றை பேர், எந்த வருசம், எந்த ஊர்க் கிணறு, இதிலை ஏதாவது ஒண்டு அந்தச் செய்திக்குள்ளை இருக்கும், அதைக்கொண்டு மூலப் பேப்பரைத் தேடலாம். விக்கிபீடியாவை ரெபரன்ஸாப் போடாதையும், ஆனா அதின்ரை அடியிலை கிடக்கிற லிஸ்ற் தங்கம், அங்கையிருந்து போம்.

ரெண்டாவது தேடுற சொல்லு. நாங்கள் தமிழ் மீடியத்திலை படிச்சிட்டு வந்து "வெல் வோட்டர்" எண்டு அடிக்கிறம், எழுதினவை "குரவுண்ட்வோட்டர்", "லைம்ஸ்ரோன் அக்குவிஃபர்" (நிலத்தடித் தண்ணி நிக்கிற சுண்ணாம்புக்கல் படை) எண்டெல்லோ எழுதியிருக்கினம். வலிகாமத்துக்கு "சுன்னாகம் அக்குவிஃபர்" எண்டு தேடிப்பாரும், எனக்கும் அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் கதவு திறந்தது. நல்ல பேப்பர் ஒண்டு அம்பிட்டா அதுக்குக் கீழை "சைற்றட் பை" எண்டு இருக்கும், அமத்தினா அதுக்குப் பிறகு அதை வைச்சு எழுதின ஆக்கள் எல்லாரும் வருவினம். காசு குடுக்காதையும்! பக்கத்திலை "ஓல் வேர்ஷன்ஸ்" எண்டதுக்குள்ளை கனதரம் சும்மா பிடிஎஃப் கிடக்கும். இலங்கை ஜேர்னலுகள் கனக்க ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைனிலை இலவசமா இருக்கு. ஒண்டும் சரிவராட்டி எழுதினவருக்கே ரெண்டு வரி மெயில் போடும், நான் போட்டு அடுத்தநாளே அனுப்பினவர்.

விளங்கேல்லை எண்டதுக்கு: முதல் வரியிலை இருந்து கதைப்புத்தகம் மாதிரி வாசிக்காதையும். அப்ஸ்ராக்ட் (முன்னுக்குக் கிடக்கிற சுருக்கம்), பேந்து அட்டவணை, பேந்து முடிவு. அதுக்குப் பிறகும் தேவை எண்டாத்தான் மிச்சம்.

குடுவை77:
10 உம் சரி 50 உம் சரி. உலக சுகாதார நிறுவனம் சொல்லுற 50 மில்லிகிராம் ஒரு லீற்றருக்கு நைத்திரேற்று அயனா எண்ணினது. அமெரிக்காவின்ரை 10 அதிலை உள்ள நைதரசனை மட்டும் எண்ணினது. திணிவுக் கணக்கிலை நைதரசன் 14, நைத்திரேற்று 62, 62ஐ 14ஆலை பிரிச்சா 4.43. அப்ப 10ஐ அதாலை பெருக்கினா 44 சொச்சம், 50க்குக் கிட்டத்தான் நிக்குது. ஏ/எல் கணக்குத்தான் தம்பி இது. ஆனா இதிலை விழாத ஆள் குறைவு, ஒரு அட்டவணையிலை 12 எண்டு கிடந்தா அது நைத்திரேற்று எண்டா பிரச்சினையே இல்லை, நைதரசன் எண்டா 53, எல்லை தாண்டிட்டுது.

அந்தக் கொதிக்க வைக்கிற கதையைத் தூக்கி எறியும். தண்ணி ஆவியாப் போகும், நைத்திரேற்று அப்பிடியே கிடக்கும், செறிவு கூடத்தான் செய்யும். போத்தல்பால் குடிக்கிற குழந்தையளுக்குத்தான் இது கூட ஆபத்து, உடம்பு நீலமாப் போற அந்த வருத்தத்தை 1945இலை அமெரிக்காவிலை கொம்லி எண்ட டொக்டர் கிணத்துத் தண்ணியோடை சேத்து எழுதினவர். உம்மடை முன்னுரைக்கு அதைத் தேடி எடும்.

பின்வாங்கு:
மச்சான் ஏன் இவ்வளவு கஸ்ரம், ஏஐயிட்டைக் கேள், 5 ரெபரன்ஸ் ஒரு நிமிசத்திலை தரும்

லைபிரரி_மூலை:
தரும்தான், எனக்கும் தந்தது. பேர், வருசம், பக்க இலக்கம் எல்லாம் வடிவா இருந்தது, தேடினா ரெண்டு பேப்பர் இந்த உலகத்திலையே இல்லை. டிஓஐ (ஒவ்வொரு பேப்பருக்கும் தனியாக் குடுக்கிற அடையாள இலக்கம்) இலக்கத்தை அடிச்சுத் தலைப்பும் ஆளும் ஒத்துவருதோ எண்டு பாக்காம ஒண்டையும் போடாதேங்கோ ரெண்டு பேரும்.

இன்னொண்டு, பேப்பர் எண்டு வந்ததெல்லாம் பேப்பர் இல்லை. 2013இலை ஜோன் பொஹனன் எண்ட பத்திரிகையாளர் வேணுமெண்டே பிழை வைச்சு ஒரு பொய்ப் பேப்பர் எழுதி 304 ஜேர்னலுக்கு அனுப்ப, 157 ஜேர்னல் "நல்லது, போடுறம்" எண்டதுகள். காசு வாங்கிக்கொண்டு வாசிக்காமலே போடுற கடையள் அதுக்குள்ளை கனக்க. டிஓஏஜே எண்ட, இலவசமா வாசிக்கக்கூடிய ஜேர்னலுகளின்ரை பட்டியலிலை ஜேர்னலின்ரை பேர் இருக்கோ பாரும். அது இருந்தாலும் எப்பிடி அளந்தவை எண்டு வாசிக்கோணும். எத்தினை கிணறு, மாரிமழைக்குப் பிறகோ கோடையிலையோ, தோட்டத்துக் கிணறோ வீட்டுக் கிணறோ. ரெண்டு பேப்பர் ரெண்டு விதமாச் சொல்லுது எண்டா முக்கால்வாசி அங்கைதான் காரணம் கிடக்கும்.

செம்மண்_பெடியன்:
நன்றி அக்கா, குடுவை அண்ணா. "சுன்னாகம் அக்குவிஃபர்" எண்டு அடிக்க உண்மையாவே வேறை உலகம் மாதிரி வந்துது. 4 பேப்பர் எடுத்திட்டன், மூண்டு இலவசம், மற்றதுக்கு மெயில் போட்டிருக்கிறன். ஒண்டிலை அட்டவணையின்ரை தலையிலை நைத்திரேற்று எண்டு மட்டும்தான் கிடக்கு, நைதரசனாவோ அயனாவோ எண்டு இல்லை. அதை என்ன செய்யிறது?

குடுவை77:
மெதட்ஸ் பகுதியைப் பாரும், எந்த முறையாலை அளந்தது எண்ட வரியிலை இருக்கும்.

செம்மண்_பெடியன்:
நைதரசனாத்தான் அண்ணா. நான் அதை 50ஓடை ஒப்பிட்டு "பாதுகாப்பானது" எண்டு எழுதி வைச்சிருந்தனான். இப்ப முழுப் பந்தியையும் மாத்தோணும்.