குடியுரிமை உறுதிமொழிக்கும் கனடா பாஸ்போர்ட்டுக்கும் நடுவே டெட்ராய்ட் வேலைக்குப் போவது எப்படி?

நதியோரம்:

வணக்கம். வீடு கனடாவின் விண்ட்சரில், வேலை ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் டெட்ராய்டில். இந்திய பாஸ்போர்ட், கனடா பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு), அமெரிக்க வேலைக்கு எச்1பி விசா. நாலு வருஷமாகக் காலையில் சுரங்கப்பாதை வழியாக ஆற்றுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறேன். குடியுரிமைக்கு விண்ணப்பித்து, தேர்வும் முடிந்து, இப்போது உறுதிமொழிக்கு அழைப்பு வந்துவிட்டது. அடுத்த புதன்கிழமை, ஜூமில்.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. உறுதிமொழி எடுத்ததும் பிஆர் கார்டு செல்லாது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பதால் இந்திய பாஸ்போர்ட்டும் அன்றோடு சரி. கனடா பாஸ்போர்ட்டுக்கு அதற்கப்புறம்தான் விண்ணப்பிக்கவே முடியும். அப்படியானால் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு எதை நீட்டி அந்தப் பக்கம் போவது?

எச்1பி ஸ்டாம்ப் இந்திய பாஸ்போர்ட்டில்தான் இருக்கிறது, இன்னும் ஒன்றரை வருஷம் செல்லும். அலுவலகத்தில் ஒருவர், "விசா இருக்கிறவரைக்கும் பழையதையே காட்டு, யாருக்குத் தெரியப்போகிறது" என்கிறார். அடிக்கடி எல்லை தாண்டுகிறவர்களுக்கான நெக்ஸஸ் கார்டும் வைத்திருக்கிறேன். யாராவது இதைக் கடந்து வந்திருந்தால் சொல்லுங்கள்.

பாலம்வழி:

நான் கடந்து வந்தவன், உங்களைப் போலவே எச்1பி. ஒரே வித்தியாசம், நான் போவது சுரங்கப்பாதை வழியாக அல்ல, அதே ஆற்றின் மேலுள்ள அம்பாசடர் பாலம் வழியாக.

முதலில் அந்த அலுவலக நண்பரின் யோசனையைத் தூக்கிப் போடுங்கள். 1955ஆம் ஆண்டு இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய கணமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் நாள்வரை அது உயிரோடு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அதைக் காட்டி அமெரிக்க அதிகாரியிடம் "நான் இந்தியக் குடிமகன்" என்று நிற்பது பொய் சொல்வதுதான். அது ஒரு தடவை பதிவாகிவிட்டால், நாளைக்கு எந்த விசா கேட்டுப் போனாலும் முன்னால் வந்து நிற்கும்.

நெக்ஸஸ் கார்டிலும் உங்கள் குடியுரிமை இந்தியா என்றுதான் பதிவாகியிருக்கும். புதிய விவரம் கொடுத்து மாற்றும்வரை அதை எடுக்காதீர்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கனடாவுக்குள் திரும்பி வருவது பிரச்சினையே இல்லை. குடியுரிமைச் சான்றிதழும் ஓட்டுநர் உரிமமும் காட்டினால் சொந்தக் குடிமகனை வெளியே நிறுத்திவைக்க மாட்டார்கள். அமெரிக்கப் பக்கம்தான் பெரியவர்களிடம் பாஸ்போர்ட் அல்லது நெக்ஸஸ் மாதிரியான கார்டு கேட்கும். அதனால் அந்த இடைவெளியில் நீங்கள் போகவே முடியாது. அதை எவ்வளவு சுருக்குவது என்பதுதான் கேள்வி.

எனக்கு நடந்தது இது. செவ்வாய்க்கிழமை உறுதிமொழி. நீதிபதி சொன்னதும் எல்லோரும் கேமராவுக்கு முன்னால் பிஆர் கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டினோம். (சமையலறைக் கத்தரிக்கோல் அதில் வழுக்கும், கொஞ்சம் பெரியதாக எடுத்து வையுங்கள்.) சான்றிதழைக் காகிதமாக வேண்டுமா மின்வடிவில் வேண்டுமா என்று கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு மின்வடிவம் என்று சொல்லுங்கள். காகிதம் தபாலில் வந்து சேர வாரக்கணக்காகும். எனக்கு மின்சான்றிதழ் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. அச்செடுத்துக்கொண்டு திங்கள்கிழமை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு நேரில் போனேன். உறுதிமொழிக்குப் பிறகு குறைந்தது இரண்டு வேலை நாள் பொறுத்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும், முன்னாடியே போய் நிற்காதீர்கள்.

நேரில் கொடுத்தால் வழக்கமாக 10 வேலை நாள், தபாலில் 20. கூடுதல் கட்டணம் கட்டினால் 2 முதல் 9 வேலை நாளுக்குள் தருவார்கள், அதைவிட அவசரமானால் மறுநாளே தரும் வழியும் உண்டு. அவசரத்துக்குப் பயணச் சான்று கேட்பார்கள். காரில் போகிறவனிடம் என்ன டிக்கெட் இருக்கும்? வேலைக்குத் தினமும் எல்லை தாண்ட வேண்டியவர் என்று நிறுவனத்திடம் கடிதம் வாங்கிப் போனேன், ஏற்றுக்கொண்டார்கள்.

சுரங்கப்பாதை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை. குடியுரிமைக்குக் கனடாவில் இருந்திருக்க வேண்டிய 1,095 நாள் கணக்கில், தினமும் அமெரிக்கா போய் வருவதால் அடி வாங்குமா? என் மனைவி, "நீங்கள் கனடாவில் தூங்கத்தான் செய்கிறீர்கள், இதெல்லாம் எங்கே கணக்காகும்" என்று பயமுறுத்துகிறாள்.

கணக்குப்புலி:

தூங்கினால் போதும்! ஒரு நாளில் எந்தப் பகுதியைக் கனடாவில் கழித்திருந்தாலும் அது முழு நாள். காலையில் போய் ராத்திரி வந்தால் ஒன்றும் குறையாது. திங்கள் காலை போய் புதன் சாயங்காலம் திரும்பினால் செவ்வாய் மட்டும்தான் கழியும். பனிப்புயலில் அந்தப் பக்கம் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டு மறுநாள் வந்தாலும் கழிவு பூஜ்யம்.

கடைசி ஐந்து வருஷத்தில் 1,095 நாள். பிஆர் கிடைப்பதற்கு முன் மாணவராகவோ வேலை அனுமதியிலோ இருந்த ஒவ்வொரு நாளும் அரை நாள், அதிகபட்சம் 365. அதோடு அந்த ஐந்தில் மூன்று வருஷத்துக்காவது வருமான வரித் தாக்கல் இருக்க வேண்டும். சம்பளம் அமெரிக்காவில் வந்தாலும் நீங்கள் கனடாவாசி. அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், ஆனால் தாக்கல் செய்யாமல் விடக்கூடாது.

ஒரு விஷயம். இரண்டு நாடுகளும் தரை எல்லைப் பதிவைப் பரிமாறிக்கொள்கின்றன, பிஆர் போன்றவர்களுடையதை 2013 முதல், எல்லோருடையதையும் 2019 முதல். நீங்கள் டெட்ராய்டில் நுழைந்தது, விண்ட்சரிலிருந்து வெளியேறியதாக இங்கே பதிவாகும். ஞாபகத்திலிருந்து எழுதாமல், உங்கள் பயணப் பதிவைக் கேட்டு வாங்கி ஒப்பிட்ட பிறகே கணக்கைப் போடுங்கள். என் நண்பர் ஒருவர் ஒரு கல்யாணப் பயணத்தை மறந்துவிட்டு, நாலு மாதம் கடிதப் போக்குவரத்து நடத்தினார்.

ரொறன்ரோக்காரன்:

தம்பி, நான் இலங்கைக் கடவுச்சீட்டிலை இருந்தவன். எங்களுக்கு விண்ணப்பிச்சால் இரட்டைப் பிரஜாவுரிமை வைச்சிருக்க ஏலும், உங்களுக்கு அது இல்லையெண்டது கவலைதான். ஆனா நான் வந்தது வேறை விசயத்துக்கு. முதல் கனடா கடவுச்சீட்டுக்கு ஒரு உத்தரவாதக்காரர் வேணும், அதை மறந்திடாதேங்கோ. அவர் கனேடியக் குடிமகனா இருக்கவேணும், கனடாக் கடவுச்சீட்டு வைச்சிருக்கவேணும், உங்களைக் குறைஞ்சது ரெண்டு வருசமாத் தெரிஞ்சிருக்கவேணும். படத்தின்ரை பின்பக்கத்திலை அவர்தான் கையெழுத்துப் போடவேணும். நீங்கள் பகல் முழுக்க டெட்ராய்டிலை நிக்கிற ஆள். அங்கை உங்களை நல்லாத் தெரிஞ்சவை எல்லாரும் அமெரிக்கர்தானே?

நதியோரம்:

அண்ணா, சரியான இடத்தில் கை வைத்துவிட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். விண்ட்சரில் எனக்கு நெருக்கமானவர்கள் மூன்று குடும்பம். மூன்று பேரும் பிஆர்தான். மகனின் நீச்சல் பயிற்சியாளரை மூன்று வருஷமாகத் தெரியும், கேட்டுப் பார்க்கிறேன்.

பாலம்வழி, இடைப்பட்ட நாளில் வீட்டிலிருந்தே வேலை செய்தீர்களா? எச்1பிக்கு அதனால் சிக்கல் வருமா?

பாலம்வழி:

பாதி விடுப்பு, பாதி வீட்டிலிருந்து. எச்1பி என்பது அமெரிக்காவுக்குள் வேலை செய்வதற்கான அனுமதி. நீங்கள் சொந்த வீட்டில் கனடாவில் உட்கார்ந்திருக்கும்போது அது குறுக்கே வராது. சம்பளப் பிரிவுக்குத்தான் தலைவலி, கனடாவில் உழைத்த நாளுக்கு வரி எங்கே பிடிப்பது என்று. அதனால் மேலாளரிடம் மறைக்காமல் இன்றைக்கே சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. முந்தின நாள் சாயங்காலம் சொன்னால்தான் படுவார்கள்.

விடுப்பே எடுக்க முடியாத வேலை நேரம் என்றால் உறுதிமொழித் தேதியை மாற்றக் காரணம் எழுதிக் கேட்கலாம். எனக்கு அது பிடிக்காது, அடுத்த தேதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, உறுதிமொழி நேரத்தில் நீங்கள் கனடாவில் இருந்தே ஆக வேண்டும். மதிய இடைவேளையில் அலுவலக மீட்டிங் அறையிலிருந்து ஜூமில் சேரலாம் என்ற நினைப்பிருந்தால் விட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட் வந்த பிறகு ஒரு நல்ல சேதி. கனடா குடிமகனுக்கு எச்1பிக்கு விசா ஸ்டாம்ப் தேவையில்லை. புது பாஸ்போர்ட், ஐ-797 என்ற எச்1பி ஒப்புதல் கடிதம், இரண்டும் போதும். பழைய ஐ-94 (அமெரிக்க நுழைவுப் பதிவு) இந்திய பாஸ்போர்ட் எண்ணில் இருப்பதால் முதல் நாள் புதியது எடுத்துவிடுங்கள். தரை எல்லையில் அதற்கான கட்டணம் முன்பு 6 டாலர், 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து 30. ஒருமுறை எடுத்தால் காலாவதிவரை அதே ஐ-94தான், தினமும் வேண்டாம்.

எச்1பியின் ஆறு வருஷ வரம்பு நெருங்கினால், டிஎன் என்ற இன்னொரு அமெரிக்க வேலை அனுமதி இருக்கிறது. அது பிஆருக்குக் கிடையாது, குடிமகனுக்கு மட்டும். பொறியாளர் போன்ற பட்டியலிட்ட தொழிலாக இருந்தால் நிறுவனக் கடிதத்தோடும் பட்டச் சான்றிதழோடும் எல்லையிலேயே கேட்கலாம், ஒருமுறைக்கு மூன்று வருஷம்வரை.

கணக்குப்புலி:

ஆறு வருஷம் என்றதும் ஞாபகம் வந்தது. நீங்கள் முழு 24 மணி நேரம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நாள்களை அந்த ஆறு வருஷத்தில் திரும்பக் கேட்கலாம். விண்ட்சரில் கழித்த சனி ஞாயிறெல்லாம் அதில் சேரும்! சான்றோடு கேட்க வேண்டும், அதற்கும் அந்தப் பயணப் பதிவு உதவும்.

நதியோரம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

மேலாளர் சிரித்துவிட்டு, "நல்ல சேதியை இவ்வளவு சோகமாகச் சொன்னவன் நீதான்" என்றார். நீச்சல் பயிற்சியாளர் படத்தின் பின்னால் கையெழுத்திட்டார். முதல் தடவை மை ஈரம் காயாமல் அடுத்த படத்தில் ஒட்டிவிட, மறுபடி படம் எடுக்க வேண்டியதாயிற்று. மின்சான்றிதழ் எனக்கு ஐந்தாம் நாள்தான் வந்தது. உறுதிமொழியிலிருந்து பாஸ்போர்ட் கைக்கு வர 11 வேலை நாள். நாலு நாள் விடுப்பு, மீதி வீட்டிலிருந்து.

நேற்று காலை முதல் தடவையாக நீலப் புத்தகத்தோடு போனேன். அதிகாரி ஐ-797 கேட்டார். போன் திரையில் காட்டினேன், அசல் எங்கே என்றார். அசல் மனைவியின் காரில். உள்ளே உட்கார வைத்து, பழைய பதிவையெல்லாம் பார்த்து, நாற்பது நிமிஷத்தில் விட்டார். அசலை வையுங்கள் என்று இங்கே யாரும் தனியாகச் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அடுத்த வேலை, இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைப்பது. கனடாவுக்கு எடுத்த படம் 50க்கு 70 மில்லிமீட்டர், அவர்கள் கேட்பது இரண்டுக்கு இரண்டு அங்குலம். விண்ட்சரில் இந்த அளவைச் சரியாக எடுத்துத் தரும் இடம் யாருக்காவது தெரியுமா?