ஹாமில்டன் மாடல் 22: சங்கிலி இல்லாமல் நேரம் எப்படி நிலைக்கிறது?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
வணக்கம். எங்கள் ஊர்க் கடிகாரக் கடைக்குப் பழுதுபார்க்க வந்த ஹாமில்டன் மாடல் 22 என்ற பழைய கப்பல் கடிகாரத்தைப் பார்த்தேன். 12-க்குக் கீழே ஒரு சிறுமுள், சாவி கொடுத்து எத்தனை மணி நேரமாயிற்று என்று காட்டுகிறது. உள்ளேயோ, குரோனோமீட்டர் எனப்படும் துல்லியமான கப்பல் கடிகாரங்களில் வில்லின் விசையைச் சீராக்கும் சங்கிலியும் கூம்புச் சக்கரமும் இல்லை. வில் தளரத் தளர நேரம் பிசகாதா?

நகரி நண்பர்:
அண்ணா, அந்தச் சங்கிலி ஹாமில்டனின் இன்னொரு கப்பல் கடிகாரமான மாடல் 21-க்கு உரியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் தேவை பெருகியபோது, ஹாமில்டனின் லங்காஸ்டர் நகரத் தொழிற்சாலை, பெரிய பாக்கெட் வாட்சைப் போன்ற அமைப்பில், லீவர் எஸ்கேப்மென்ட்டும் (வில்லின் விசையைத் துளித்துளியாக விடும் நெம்புகோல் அமைப்பு) தேய்மானத்தைக் குறைக்கும் 21 கற்களும் கொண்ட மாடல் 22-ஐ உருவாக்கியது. முழுச் சாவிக்கு 56 மணி நேரம் ஓடும் என்றாலும், தினமும் ஒரே வேளையில் சாவி கொடுத்துவிட்டால், வில் நன்கு தளரும் கட்டத்தை எட்டுவதே இல்லை. அந்தச் சிறுமுள் இதற்காகத்தான்.

பாலக்காடு வாசகர்:
ஐயா, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய சுருளையும் கவனியுங்கள். அது எலின்வார் வகை நிக்கல் எஃகுக் கலவை. வெயிலிலும் குளிரிலும் அதன் நெகிழ்ச்சி ஏறக்குறைய மாறுவதில்லை. அக்கலவையைக் கண்டறிந்த இயற்பியலாளர் கியோம், நிக்கல் எஃகு ஆய்வுகளுக்காக 1920-இல் நோபல் பரிசு பெற்றார். கடலில் நேரத்தை வைத்தே கப்பலின் தீர்க்கரேகையைக் கணிப்பதால், 4 விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டருகே ஒரு கடல்மைல் தவறிவிடும். ஆகவே அச்சுருளை மாற்ற யார் சொன்னாலும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பழைய எண்ணெயை நீக்கிப் புதிது இடச் சொல்லுங்கள்.