ஹொரமாவு வாடகை வீடு: பின்பக்கம் மண்ணைத் தோண்டித் தள்ளுது, என்ன மருந்து வைக்கலாம்?

கரூர்ப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். கரூர்ல இருந்து பெங்களூரு வந்து இன்னும் சாமான்கூட முழுசா பிரிக்கல. ஹொரமாவுல கீழ்வீடு. பின்னாடி கொஞ்சம் மண் தரை இருக்கு, நாலு செடி வைக்கலாம்னுதான் இந்த வீட்டையே பிடிச்சோம். இப்ப அந்த மண்ணை ராத்திரியில ஏதோ தோண்டிப் போடுது. காலையில பார்த்தா சல்லடையில சலிச்சுக் கொட்டின மாதிரி செம்மண் குவிஞ்சு கிடக்கு. கருவேப்பிலைக் கன்னு வேரோட சாய்ஞ்சிடுச்சு. நேத்து துணி காயப்போடப் போனா கடப்பாக்கல் காலுக்கடியில ஆடுது, உள்ள வெறும் பொந்து. அவர் ஆபீஸ் வேலையா புனே போயிருக்கார். ஓனர் போனை எடுக்கல. கடையில கேட்டா கன்னடத்துல என்னமோ சொல்றாங்க, புரியல. பயமா இருக்கு. இன்னிக்கே ஏதாவது வெச்சாகணும். எந்த மருந்து நல்லதுன்னு யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

மாரத்தஹள்ளி மதுரைக்காரன்:
சிஸ்டர், அந்த வீட்டை விட்டுக் கிளம்புங்க. நான் வந்த புதுசுல 10 மாச அட்வான்ஸ் கொடுத்துட்டு ஒரு கீழ்வீட்டுல மாட்டினேன். சுவரெல்லாம் ஓதம், கோடை வந்தா போர்ல தண்ணி நின்னுடும், டேங்கர்காரன் சொன்னதுதான் விலை. காலி பண்றப்ப பெயின்ட் அடிக்கணும்னு ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டார் ஓனர். அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போகவே கையில காசில்ல. இந்த ஊர்ல கீழ்வீடே எடுக்கக்கூடாது. ரெண்டாவது மாடி பாருங்க.

அல்சூர் மூணாம் தலைமுறை:
வீட்டை எதுக்கு மாத்தணும்? எங்க தாத்தா காலத்துல இருந்து அல்சூர்ல இருக்கோம், எங்க வீட்டுலயும் மூஞ்சூறு உண்டு. கூர் மூக்கோட கீச்கீச்னு சுவரோரமா ஓடும். கரப்பான்பூச்சியைத் தின்னுட்டு அது பாட்டுக்குப் போயிடும். பிள்ளையாரோட வாகனம், மருந்து கிருந்து வைக்காதம்மா, பாவம்.

தஞ்சாவூர் வரப்பு:
மூஞ்சூறு இப்படி மண்ணைக் குவிக்காதுங்க. இது பெருச்சாளி. வாய்க்கால் வரப்புல இதுங்க பண்ற அழிச்சாட்டியத்தைப் பார்த்தே வளர்ந்தவன் நான். நெல் மூட்டைக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இருக்கு. பொந்துக்கு ஒண்ணு போட்டு ஈர மண்ணால அடைச்சா காலையில கதை முடிஞ்சது. இல்லன்னா சட்டியில வைக்கோல் போட்டுப் புகை ஊதுங்க.

கே.ஆர்.புரம் நர்ஸ் அக்கா:
தம்பி, தயவுசெஞ்சு அந்த மாத்திரைப் பேச்சை இங்க விடுங்க. ஈரம் பட்டதும் அதுல இருந்து பாஸ்பீன் வாயு வரும். வரப்புல போடுறது வேற, வீட்டு அஸ்திவாரத்துல போடுறது வேற. பொந்து எங்க போய் முடியுதுன்னு யாருக்குத் தெரியும்? தரை விரிசல் வழியா படுக்கையறைக்கே வரும். அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. தனி ஆளுக்கு அதை விக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு. 2024 நவம்பர்ல சென்னை பக்கம் குன்றத்தூர்ல, வீட்டுக்குள்ள எலிக்கு வெச்ச மருந்தோட நெடியிலயே ரெண்டு சின்னப் பிள்ளைங்க போயிட்டாங்க. கரூர்ப் பொண்ணு, உங்க வீட்டுல குழந்தை இருக்கான்னு நீங்க சொல்லவே இல்லையே?

மாரத்தஹள்ளி மதுரைக்காரன்:
இதுக்கெல்லாம் காரணம் குப்பைதான். எங்க தெரு முனையில காலி சைட் ஒண்ணு இருக்கு. வண்டி வர்ற நேரத்துக்கு எல்லாரும் ஆபீஸ்ல இருக்கோம், அதனால பாதிப் பேர் கவரைக் கட்டி அங்கதான் வீசுறாங்க. எலி வராம என்ன வரும்?

ஒயிட்பீல்டு ராமநாதபுரம்:
குப்பை மட்டுமா? எங்க பக்கம் மழைநீர்க் கால்வாயைத் தோண்டிப் போட்டுட்டுப் போனாங்க, ஒரு மழைக்காலமே ஓடிப்போச்சு. அதுல இருந்த எலியெல்லாம் வீடுகளுக்குத்தான் குடிவந்தது. இவ்வளவு வாடகை வாங்குற ஊர்ல ஒரு மூடியைச் சரியா போட ஆளில்ல.

அல்சூர் மூணாம் தலைமுறை:
வந்த எல்லாரும் இப்படியே ஊரைத் திட்டுறீங்க. எலி என்ன பெங்களூர்ல மட்டுமா இருக்கு? நாலு வார்த்தை கன்னடம் கத்துக்கிட்டா கடைக்காரரே வழி சொல்வார்.

பானஸ்வாடி மேஸ்திரி:
வணக்கம்ங்க. நான் தருமபுரி, இங்க கட்டட வேலை. ஊர்க்கதையை அப்புறம் பேசிக்கலாம், தங்கச்சி மண்ணு சரிஞ்ச வீட்டுல தனியா இருக்கு. நீ இதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. பொந்து எத்தனை, எவ்வளவு அகலம்? தண்ணி சம்ப் எந்தப் பக்கம்? கழிவுநீர் சேம்பர் மூடி நல்லா இருக்கா? குழந்தை, நாய், பூனை உண்டா?

கரூர்ப் பொண்ணு:
அண்ணா, மூணு பொந்து. கை முழுசா நுழையுற அளவு இருக்கும், நான் விட்டுப் பார்க்கல. ஒண்ணு காம்பவுண்டு சுவரோரம், ஒண்ணு தோய்க்கிற கல்லுக்குக் கீழ, இன்னொண்ணு சம்ப் மூடிகிட்ட. சேம்பர் மூடி ஒரு மூலை உடைஞ்சிருக்கு. பையனுக்கு ஒண்ணரை வயசு, எது கிடைச்சாலும் வாய்க்குள்ள போட்டுடுவான். கேட்டுகிட்ட ஒரு தெருநாய்க்கு ராத்திரி மிஞ்சின சோறு வைப்பேன்.

பானஸ்வாடி மேஸ்திரி:
அப்ப மருந்தை மறந்துடும்மா. இது பெருச்சாளிதான், உடைஞ்ச சேம்பர் வழியா வருது, நாய்க்கு வைக்கிற சோத்துக்காக இங்கயே தங்குது. நாய்க்குச் சோறு வை, அது தின்னு முடிச்சதும் தட்டை உள்ள எடுத்துடு. குப்பை வாளிக்கு இறுக்கமான மூடி போடு.

எனக்குப் பெரிய கவலை அந்த சம்ப் பக்கத்துப் பொந்துதான். சம்ப் சுவரை ஒட்டி மண்ணை எடுத்துட்டா சுவர் விரிசல் விடும், சாக்கடைத் தண்ணி குடிதண்ணியில கலக்கும். இன்னிக்கு ராத்திரி தண்ணி வர்ற வால்வை மூடி, மோட்டாரையும் நிறுத்திட்டு, சம்ப்புக்குள்ள ஒரு நீளக் குச்சியை விட்டு தண்ணி எதுவரைக்கும் நிக்குதுன்னு கோடு போட்டு வை. காலையில கோடு இறங்கியிருந்தாலும் ஏறியிருந்தாலும் சம்ப் ஒழுகுதுன்னு அர்த்தம். தெரியுற வரைக்கும் குடிக்க, சமைக்க கேன் தண்ணி வாங்கிக்கோ.

பொந்தை அவசரப்பட்டு சிமென்ட் போட்டு அடைக்காதே. உள்ள இருக்கிறது வேற பக்கம் தோண்டும், வீட்டுத் தரைக்கடியில கூட வந்து முட்டும். சாயங்காலம் மூணு வாயிலயும் பழைய பேப்பரைச் சுருட்டிச் செருகு. காலையில எது வெளிய தள்ளியிருக்கோ அதுலதான் ஆள் இருக்கு. கூண்டுப் பொறி பெருசா வாங்கணும், சுண்டெலிக் கூண்டு ஆகாது. கடையில "ஹெக்கண ஹிடியோ போனு கொடி"ன்னு (பெருச்சாளி பிடிக்கிற கூண்டு கொடுங்கன்னு அர்த்தம்) கேளு, எடுத்துக் கொடுப்பாங்க. கூண்டை சுவரோரமா வெச்சு, தேங்காய்ச் சில்லோ கருவாடோ உள்ள போட்டு, முதல் ரெண்டு மூணு ராத்திரி கதவு விழாம கட்டி வை. புதுசா எதைப் பார்த்தாலும் பெருச்சாளி கிட்ட வராது. பயமில்லாம தின்னுட்டுப் போகப் பழகினப்புறம் கட்டை அவிழ்த்துடு. மாட்டினதும் முடியைச் சிலிர்த்துக்கிட்டு பன்னி மாதிரி உறுமும், பையனைக் கிட்ட விடாதே. பூச்சி மருந்து சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டா, பிடிச்சதை எடுத்துட்டுப் போவியான்னு போன்லயே கேட்டுடு. அடுத்த தெரு சாக்கடையில விட்டா நாளைக்கு உன்கிட்டயே திரும்பி வரும்.

பேப்பர் அசையாம இருந்தா அப்பதான் அடைக்கிற வேலை. உடைஞ்ச ஜல்லியும் சிமென்ட்டும் கலந்து பொந்தை நிரப்பணும். சம்ப் ஓரமும் காம்பவுண்டு ஓரமும் ரெண்டடி ஆழம் வெட்டி, கால் இஞ்ச் ஜி.ஐ. வெல்டு மெஷ்ஷை (துத்தநாகம் பூசின கம்பி வலை) நட்டு, அடியில ஒரு அடி வெளிப்பக்கமா மடக்கி மண்ணை மூடணும். கீழ தோண்டிட்டு வர்றது அந்த மடிப்புல முட்டி நின்னுடும். சேம்பர் மூடி புதுசு போடணும். இதெல்லாம் ஓனர் செலவு. ஆடுற கல், பொந்து, உடைஞ்ச மூடி மூணையும் போட்டோ எடுத்து, சம்ப் இடிஞ்சா செலவு எவ்வளவு ஆகும்னு ஒரு வரி சேர்த்து வாட்ஸ்அப்புல அனுப்பு. போனை எடுக்காத ஓனர்கூட அதுக்குப் பதில் போடுவார்.

தஞ்சாவூர் வரப்பு:
மேஸ்திரி சொல்றது சரிங்க, குழந்தை இருக்குன்னா மாத்திரை வேண்டாம். புகையாவது போடலாமே?

பானஸ்வாடி மேஸ்திரி:
வயல்ல போடலாம்ங்க. இங்க பக்கத்து வீட்டு பாத்ரூம் வழியா புகை கிளம்பும்.

கே.ஆர்.புரம் நர்ஸ் அக்கா:
கூண்டுக்கு மாட்டாம போனா, சர்வீஸ்காரங்க வந்து பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள புரோமாடியோலோன் கேக் வைக்கலாம். ரத்தம் உறையாம பண்ற மருந்து அது. தப்பித்தவறி நாயோ குழந்தையோ தின்னா வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாத்த வழி உண்டு. கறுப்புப் பொடியா விக்கிற ஜிங்க் பாஸ்பைடுக்கு அதுவும் இல்ல, வாங்காதே. டூத்பேஸ்ட் மாதிரி டியூப்ல வர்றது கல்லீரலையே காலி பண்ணிடும், அது வீட்டுக்குள்ளயே வரக்கூடாது. பேர் தெரியாத எதையும் வைக்க விடாதே, பாக்கெட்டை போட்டோ எடுத்து வெச்சுக்கோ.

அந்த மண்ணை வெறும் கையால அள்ளாதே, வெறுங்காலோட நடக்காதே. எலி மூத்திரம் கலந்த ஈர மண்ணுல இருந்துதான் எலிக்காய்ச்சல் வரும். ரப்பர் கையுறை, செருப்பு கட்டாயம். ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சலோட கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தா டாக்டர்கிட்ட பெருச்சாளி விஷயத்தை முதல்லயே சொல்லிடு. பொந்துக்குள்ள கையோ குச்சியோ விடாதே, எலிப்பொந்துல பாம்பு தங்கும். பாம்பைப் பார்த்தா அடிக்க வேண்டாம், தள்ளி நின்னு வனத்துறை உதவி எண் 1926க்குக் கூப்பிடு.

கரூர்ப் பொண்ணு:
அக்கா, அண்ணா, பேப்பர் செருகிட்டேன். குச்சியில கோடும் போட்டாச்சு. ஓனருக்கு மூணு போட்டோவும் அனுப்பினேன், நாளைக்குக் காலையில ஆளோட வர்றேன்னு பதில் போட்டிருக்கார். அவங்க வந்ததும் நேரா சிமென்ட் போட ஆரம்பிச்சா என்ன சொல்றது?

பானஸ்வாடி மேஸ்திரி:
"மொதலு ஹெக்கண ஹிடிபேக்கு, ஆமேலே முச்சி"ன்னு சொல்லும்மா. முதல்ல பெருச்சாளியைப் பிடிக்கணும், அப்புறம் அடைங்கன்னு அர்த்தம். கேக்கலன்னா எனக்கு இங்க எழுது, நான் ஓனர்கிட்ட கன்னடத்துல பேசுறேன்.