ஐ.சி.யூ. வாசலில் ஒட்ட செல்போன் அறிவிப்பு: வாசகம் சொல்லுங்களேன்

வணக்கம். மொத்தத் தடை போட்டால் யாரும் மதிப்பதில்லை. அதனால் வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் (மருந்தை அளந்து ஏற்றும் கருவி), மானிட்டர் இவற்றிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் பேசலாம் என்று எழுத எண்ணம். போனின் அலை இக்கருவிகளைக் குழப்பலாம்; சிக்னல் மெலிந்த இடத்தில் போன் அந்த அலையின் சக்தியைக் கூட்டும். 2ஜி-யில் உச்சம் 2 வாட் வரை போகும். அடித்தள வார்டில் கவனம் வேண்டியது இதனால்தான். (வாக்கி டாக்கி இன்னும் மோசம், அதை யாரும் கண்டுகொள்வதில்லை!) எம்.ஆர்.ஐ. அறைக்குள் அணைத்த போனும் கூடாது. அந்த ஸ்கேன் கருவியின் காந்தம் எப்போதும் விழித்திருக்கும்.

தடுமாறுவது இரண்டு இடத்தில். படம், வீடியோ எடுக்காதீர்கள் என்பதை உறவினர் முகம் சுளிக்காதபடி எப்படி எழுதுவது? கருவிகளுக்கான பிளக்கைப் பிடுங்கிவிட்டு சார்ஜர் செருகுவதைத் தடுக்க எது பலித்தது? உங்கள் வார்டில் ஒட்டிய வாசகத்தை அப்படியே பதியுங்கள்.