மனசை விட்டுப் போகாத ஒரு ராத்திரி: நெல்லைப் பக்கத்து வானப் படக்காரர்களின் அனுபவம்

திசையன்விளையிலிருந்து

போன வருஷம் பங்குனி. யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். தேரிக்காட்டு ஓரம் ஒரு பனைவிளை. எட்டு இஞ்ச் நியூட்டோனியன் தொலைநோக்கி, வானத்தோடு சேர்த்து அதைத் திருப்பும் ஈக்யூ 5 மவுண்ட், பழைய கேனன் கேமரா. குறி ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. நம்ம ஊரில் அது தெற்கே ஏறக்குறைய 34 டிகிரி வரை ஏறும், இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். 30 விநாடி, ஐஎஸ்ஓ 1600, ஒன்றன் பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றரை மணி இருக்கும். ஒரு டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்து நேராகக் குழாயின் வாய்க்குள் விழுந்தது. பதறிப்போய் "அய்யா, லைட்ட அணைங்க" என்று கத்திவிட்டேன். அணைத்துவிட்டார். பனையேறி. இடுப்பில் அரிவாள் பெட்டி, தோளில் முருக்குத்தடி, எழுபது வயது இருக்கலாம்.

"எதப் பாக்கே தம்பி?"

எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவர் குழாயின் பக்கத்தில் வந்து நின்று, அது பார்க்கிற திசையிலேயே தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். "அந்தா கெடக்கே பொகஞ்ச மீனு, அதையா?"

சரியாக அதைத்தான் காட்டினார். நானே அன்றைக்கு அதைத் தேடிப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. "தேளு முழுசா எந்திச்சிட்டு. இந்நேரம் நான் அஞ்சாவது பனையில இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேமராவின் பின்னால் திரையில் படம் இருந்தது. 17,000 ஒளியாண்டு தூரத்தில் ஒரு கோடி நட்சத்திரம் குவிந்து கிடக்கிற படம். அந்தத் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்ட எனக்குத் தோன்றவில்லை. அதை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பார்கள் என்றும் கேட்கவில்லை. ஒரு வருஷமாக அதுதான் உறுத்துகிறது.

அம்பாசமுத்திரத்திலிருந்து

படிக்கும்போதே என் ஆச்சி ஞாபகம் வந்துவிட்டது.

ஆச்சிக்குத் திருவாதிரை நட்சத்திரம். மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டிக் கொடுத்துவிட்டு, "நீ என்னமோ நட்சத்திரத்தப் படம் புடிக்கியே, என் நட்சத்திரத்தப் புடிச்சுக் காட்டு" என்றாள். அன்றைக்கு நிலா பக்கத்திலேயே நிற்கும், வானம் பால் மாதிரி வெளுத்திருக்கும். தை அமாவாசைக்கு எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன்.

தை அமாவாசை, ராத்திரி பத்து மணி. திருவாதிரை நமக்குத் தலைக்கு நேர் மேலே வரும், உச்சியிலிருந்து ஒன்றரை டிகிரி கூட விலகாது. மொட்டை மாடியில் 80 மி.மீ. ரிஃப்ராக்டர் தொலைநோக்கியை வைத்து இரண்டு நிமிட பிரேம்களாக எடுத்து, லேப்டாப்பில் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இது வெள்ளையால்லா இருக்கு. திருவாதிர செவப்புல்லா?"

அவள் சொன்னதுதான் சரி. இரண்டு நிமிடத்தில் அந்த நட்சத்திரம் பொங்கி, நடுவில் நிறமே இல்லாமல் வெளுத்துவிட்டது. பின்னால் இருக்கும் மங்கலான வாயுவைப் பிடிக்கும் ஆசையில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஓடிப்போய் ஐந்து விநாடியில் மறுபடி எடுத்தேன். செங்கல் சூளையில் உள்ளே தெரியும் தணல் நிறம் வந்தது. கீழே வந்து பார்த்தால், தார்சாவிலேயே தூங்கிவிட்டாள். மறுநாள் காலையில் காட்டினேன், "ஆமா" என்று மட்டும் சொன்னாள். ராத்திரியே காட்டியிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து

திசையன்விளைத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒமேகா சென்டாரியைப் பெரியவர் வெறுங்கண்ணால் கண்டுபிடித்தார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்துக் குத்துமதிப்பாகக் காட்டியிருப்பார். இங்கே டவுனில் நான் ஒருநாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

என் அனுபவம் சின்னது. பக்கத்து அண்டமான பெரிய மாகெல்லன் மேகத்துக்குள் இருக்கும் டாரன்டுலா நெபுலா என்ற வாயு மேகத்துக்காக இரண்டு வருஷம் காத்திருந்து, 12 டிகிரி உயரத்தில் பிடித்தேன். எல்லா பிரேமிலும் ஒரு தென்னை ஓலை. எல்லாப் பிரேமையும் ஒன்றாக அடுக்கி ஸ்டாக் செய்த பிறகும் அந்த ஓலை பேய் மாதிரி நிற்கிறது.

அப்புறம், எட்டு இஞ்சுக் குழாயில் 30 விநாடியோடு நிற்கிறீர்கள் என்றால் போலார் அலைன்மென்ட், அதாவது மவுண்டின் அச்சை வானத்துத் துருவத்துக்கு நேராக நிறுத்துவது, சரியில்லாமல் இருக்கலாம். கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், நம்ம பக்கத்தில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நாம் இருப்பது 8.7 டிகிரி அட்சரேகை. துருவ நட்சத்திரம் ஒன்பது டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், தூசி எல்லாம் அதை மறைத்துவிடும். கண்ணுக்குத் தெரிந்தாலும் அங்கே காற்று மண்டலம் ஒளியை வளைத்து, ஆறு ஆர்க் நிமிடம் போல உயர்த்திக் காட்டும். பல மவுண்டுகளை இவ்வளவு தாழ்வாகச் சாய்க்கவே முடியாது. எதிர் எடைக் கம்பி முக்காலியின் காலில் போய் இடிக்கும். நான் வடக்குப் பக்கக் காலை உள்ளே தள்ளி, தெற்குப் பக்கம் இரண்டு காலுக்கும் அடியில் செங்கல் வைத்துத்தான் சமாளிக்கிறேன்.

துருவ நட்சத்திரத்தை மறந்துவிட்டு நட்சத்திரம் நழுவுவதைப் பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறைக்கு வாருங்கள். வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வடக்கு தெற்காக உச்சி வழியே போகும் உச்சிவட்டத்தைத் தாண்டப்போகிற ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து ஐந்து நிமிடம் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அடுத்து கிழக்கில் தாழ்வாக ஒன்று. அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். அப்புறம், ஆனி ஆடியில் குழாயை வெளியே எடுக்காதீர்கள். அந்தக் காற்றில் எந்த மவுண்டும் நிற்காது. மார்கழியில் கண்ணாடியில் பனி இறங்கும், ஹீட்டர் பட்டை கட்டுங்கள். தை, மாசி, பங்குனி மூன்று மாதம்தான் நமக்கு உண்மையான சீசன்.

பணகுடியிலிருந்து

அண்ணாச்சி, அலைன்மென்ட் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் பெரியவரை நம்பாதது நியாயமில்லை. ஒமேகா சென்டாரியின் பிரகாச எண் 3.9 (எண் கூடினால் மங்கல்). இருட்டான இடத்தில் மங்கலான நட்சத்திரமாக நன்றாகவே தெரியும். பழங்கால வானியலாளர் தாலமி தம் பட்டியலில் அதை நட்சத்திரமாகவே சேர்த்திருக்கிறார், அவரிடம் தொலைநோக்கி ஏது? அது சாதாரண நட்சத்திரம் மாதிரி இல்லை என்று 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்துச் சொன்னவர் வானியலாளர் ஹேலி. "பொகஞ்ச மீன்" என்று அந்தப் பனையேறி சொன்னதும் அதையேதான். வருஷம் முழுக்க விடியுமுன் எழுகிறவர் கண்ணைப் பாளையங்கோட்டைத் தெருவிளக்குக்கு அடியில் நின்று அளக்கக்கூடாது.

என் கதை இது. எங்கள் மாடியிலிருந்து தெற்கே முழுக்கக் காற்றாலை. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு விளக்கு. ஒரு தை மாதம், ராத்திரி ஒன்பதரைக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. என் மவுண்ட் வீட்டு கரண்டில் ஓடியது, அதுவும் நின்றுவிட்டது. சலிப்போடு தெற்கே பார்த்தேன். மலைக்கு மேலே ஒரு சின்ன மேகம். மழை வருமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், அது நகரவே இல்லை. பக்கத்தில் காற்று வீசுகிறது, வேப்ப இலை ஆடுகிறது, அது மட்டும் அப்படியே நிற்கிறது.

பெரிய மாகெல்லன் மேகம். 1,60,000 ஒளியாண்டு. இன்னொரு அண்டத்தையே வெறுங்கண்ணால், என் வீட்டு மாடியிலிருந்து. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கேமராவைக் கழற்றிச் சாதாரண டிரைபாடில் வைத்து 15 விநாடி எடுத்திருக்கலாம், கேமரா பேட்டரியில் ஓடுவதுதானே. தோன்றவே இல்லை. இருபது நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது, மேகம் போய்விட்டது. அதற்கப்புறம் எத்தனையோ தை மாதம் பார்த்துவிட்டேன், அந்த மாடியிலிருந்து மறுபடி கண்ணுக்குத் தெரியவில்லை.

களக்காட்டிலிருந்து

சின்னதாக ஒன்று. வாழைத்தோட்டத்தில் மிருகசீரிடத்துக்குக் கீழே உள்ள ஓரியன் நெபுலாவை எடுத்துக்கொண்டிருந்தேன். என் தலையில் சிவப்பு விளக்கு. பன்றிக் காவலுக்குப் பரணில் இருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு நாலு பேர் கம்போடு வந்துவிட்டார்கள். விஷயத்தைச் சொல்லி, கேமராவைக் கழற்றி ஐபீஸ் மாட்டிக் கொடுத்தேன். முதலில் வந்தவர், கண்ணை வைப்பதற்கு முன்னால் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார், கோயிலில் செய்கிற மாதிரி. பின்னால் நின்ற மூன்று பேரும் அப்படியே செய்தார்கள். அன்றைக்கு எடுத்த படம் சுமார்தான்.

திசையன்விளையிலிருந்து, மறுபடியும்

பாளையங்கோட்டை அண்ணாச்சிக்கு நன்றி, செங்கல் வைத்துப் பார்க்கிறேன். ஆனால் பெரியவர் விஷயத்தில் நான் பணகுடிக்காரர் பக்கம்தான். அவர் விரல் நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

டார்ச் பட்ட பிரேமை நான் அழிக்கவில்லை. 37-வது பிரேம். ஒரு பக்கம் முழுக்க மஞ்சள் படர்ந்து, நடுவில் ஒமேகா சென்டாரி மாவு சிந்தின மாதிரி மங்கலாக நிற்கிறது. ஸ்டாக்கில் சேர்க்க முடியாது, தனியாக வைத்திருக்கிறேன்.

விளைக்காரரிடம் விசாரித்தேன், பெரியவர் இந்த வருஷமும் பனை ஏறுகிறாராம். முழுப் படத்தையும் அந்த 37-ஐயும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுவிட்டேன். வருகிற பங்குனி அமாவாசைக்கு மூன்று மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். அன்றைக்கு டார்ச்சை அணைக்கச் சொல்ல மாட்டேன், படத்தைப் பார்க்க அது வேண்டும்.