வாகைக்குளம் - சென்னை: டிக்கெட்டுல போட்ட ஒன்றரை மணி நேரம்

நெல்லையில இருந்து வாகைக்குளம் (தூத்துக்குடி விமான நிலையம்) போயி சென்னைக்குப் பறக்க நெசமா எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டதுக்கு, நெல்லைக்காரங்க அவங்கவங்க ஏரியா பேர்ல சொன்ன பதில்:

வண்ணாரப்பேட்டை
வாகைக்குளம் கவுண்டர் முன்னால ஒரு அண்ணாச்சி நின்ன நிலை இன்னும் கண்ணுக்குள்ள நிக்கு. விமானம் 10.30. மணி 9.38. கையில அல்வா பாக்கெட், சூடுகூட ஆறல. "இன்னும் அம்பது நிமிஷம் கெடக்கேம்மா"ங்காரு. 60 நிமிஷத்துக்கு முன்ன கவுண்டரை மூடிருவாங்க, பெட்டி போடவே முடியாது. வெப் செக்-இன் முடிச்சு, கைப்பையோட மட்டும் வந்திருந்தா நேரா செக்யூரிட்டிக்குப் போயிருக்கலாம். கேட் 25 நிமிஷத்துக்கு முன்னதான் மூடும். 620 கிலோமீட்டரை ஒன்றரை மணியில தாண்டுத விமானம், இவரு நெல்லையில இருந்து வாகைக்குளம் வர 30 கிலோமீட்டர்ல தோத்தாரு.

கேடிசி நகர்
அந்த 30 கி.மீ.க்கு முக்கால் மணி போதும்னு எல்லாரும் சொல்லுதாவ. வல்லநாடு ஆத்துப்பாலத்துல ஒரு பக்கத்தை ரிப்பேருக்கு அடைச்சா அந்தக் கணக்கு செல்லாது. ஒன்றேகால் மணி வையுங்க.

மேலப்பாளையம்
620 ரோட்டுத் தூரம்வே. வாகைக்குளம் - மீனம்பாக்கம் நேர்கோட்டுல சுமார் 530தான். இங்க ஓடுத ஏடிஆர், அதான் காத்தாடி வச்ச சின்ன விமானம், மணிக்கு 500 கி.மீ. வாக்குல போகும், அப்படிப் பாத்தா ஒரு மணி சொச்சம். மிச்ச நேரம் தரையில ஊர்ந்து போறதுக்கும், ஏறி எறங்குததுக்கும், சென்னை மேல வரிசைக்குக் காத்துக் கெடக்கதுக்கும். வீட்டுல இருந்து எழும்பூர் வரை கூட்டுனா அஞ்சு மணி நேரம் ஆயிரும். வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள்ள கொண்டு விட்டிரும். மிச்சம் மூணு மணி நேரந்தான், அதுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு பாத்துக்கோங்க.

பாளை மார்க்கெட்
முதல் வரிசை சீட்டுக்குக் கூடக் காசு கட்டி உக்காந்தவரு மூஞ்சியைப் பாக்கணும். சென்னையில எறங்க எல்லாரும் வால் பக்கம் பாத்து நடக்காவ! ஏடிஆர்ல ஆள் ஏறுத கதவு வால் பக்கம், முன்னால சரக்கு அறை. முதல் வரிசைதான் கடைசியா எறங்கும். தலைக்கு மேல இருக்க அறையும் சின்னது, ட்ராலி பெட்டியைப் படிக்கிட்டயே வாங்கிருவாங்க. மருந்து, சார்ஜர், பவர் பேங்க் மூணையும் முன்னமே எடுத்து வச்சுக்கிடணும். வாகைக்குளம் ஓடுபாதை 1,350 மீட்டரா இருந்ததாலதான் இத்தனை வருஷமும் ஏடிஆர். இப்ப 3,115 மீட்டருக்கு நீட்டிட்டாங்க, புது டெர்மினலும் 2025 ஜூலையில திறந்தாச்சு.

நாகர்கோவில் ரோடு
துபாய் போறவங்களுக்கும் சொல்லிருதேன். திருவனந்தபுரத்துல இருந்து சுமார் 2,950 கி.மீ., பறக்க நாலு மணி நேரம் சொச்சம். டிக்கெட்டுல ரெண்டு ஊர் நேரமும் அந்தந்த ஊர்க் கணக்கு, துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால. காலை 4.00க்கு ஏறி 6.45க்கு எறங்குதுன்னு போட்டிருந்தா ரெண்டேமுக்கால் மணி இல்ல, நாலேகால். திரும்பும்போது 10.00க்கு ஏறி 3.30க்கு எறங்குனா அஞ்சரை இல்ல, நாலு. இதைவிடப் பெரிய குழி தேதி. 12ஆம் தேதி காலை 4 மணின்னா 11ஆம் தேதி ராத்திரி 9.30க்கே நெல்லையை விடணும்: ரோட்டுக்கு மூன்றரை மணி, விமான நிலையத்துல மூணு மணி. களியக்காவிளை தாண்டினதும் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம்னு நெரிசல் வேற. பகல்ல போனா இன்னும் ஒரு மணி சேத்துக்கோங்க.

மேலப்பாளையம்
சென்னைக்கு வழி கேட்டா துபாய்ல கொண்டு விட்டுட்டீரே! தேதி விஷயம் சரிதான். மீனம்பாக்கத்துல எறங்குனவங்க எழும்பூருக்கு டாக்சி தேட வேண்டாம், மெட்ரோவுல ஏறி ஆலந்தூர்ல மாறுங்க.