பழைய வீட்டு மர மில்: வாள் தடிக்குள் இழுத்துக்கொண்டு போகிறது, விளிம்பு சூடாகிறது

காட்டுப்பலகை (கோத்தகிரி):

தாத்தா காலத்தில் வீட்டிலேயே செய்த மர மில்லை மறுபடி ஓட்டப் பார்க்கிறோம். வட்ட வாள் 36 அங்குலம், 48 பல். ஷாஃப்ட் 2 அங்குலம், இரண்டு பேரிங்கும் ஒயிட் மெட்டல் (பேரிங்குக்கு உருக்கி ஊற்றும் மென்மையான கலவை உலோகம்) ஊற்றியவை. என்ஜின் லிஸ்டர் மாடல் இரட்டை சிலிண்டர் டீசல், 12 எச்.பி., 650 சுற்று. இரு பக்கமும் 16 அங்குலப் புல்லி, தட்டை பெல்ட். டிராலி 22 அடி ஆங்கிள் தண்டவாளத்தில் கையால் தள்ளுவது. அறுக்கப்போவது 10 அடித் தடிகள்: பெரும்பாலும் சில்வர் ஓக், கொஞ்சம் கற்பூர மரம் (யூகலிப்டஸ்).

முதல் நான்கு அடி நேராகப் போகிறது. பிறகு வாள் தடிக்குள் இழுக்கிறது; பலகை தொடக்கத்தில் 1 அங்குலம், முடிவில் 1¼. நிறுத்திய பிறகு தொட்டுப் பார்த்தால் விளிம்பு கொதிக்கிறது, நடு வெதுவெதுப்புதான். தூள் மாவு மாதிரி விழுகிறது. வாள் பக்கத்து பேரிங்கும் அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. பல் இப்போதுதான் சாணை பிடித்தது. வாளை மாற்றுவதா, என்ஜினை மாற்றுவதா?

வாள்பட்டறை:

இரண்டையும் மாற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன அடையாளங்களிலேயே பாதி விடை இருக்கிறது.

விளிம்பு மட்டும் சூடானால் வாளின் முன்பக்கம் தடியை நோக்கி அதிகமாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். நடு சூடானால் அதற்கு நேர் எதிர். தேவையான திருப்பம் 20 அடிக்கு 1 நூல்தான் (⅛ அங்குலம்). 36 அங்குல வாளில் அது வெறும் அரை மி.மீ. அளப்பது இப்படி: டிராலியில் ஒரு கம்பியை இறுக்கிக் கட்டுங்கள். முன்பக்கத்துப் பல் ஒன்றில் சாக்பீஸ் அடையாளம் வைத்து, கம்பி முனைக்கும் அந்தப் பல்லுக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளங்கள். அதே பல்லைப் பின்பக்கம் சுற்றிக் கொண்டுவந்து, டிராலியையும் நகர்த்தி மறுபடி அளங்கள். வேறு பல்லில் அளந்தால் வாளின் கோணலும் கணக்கில் சேர்ந்துவிடும். முன்பக்கம் டிராலிக்கு அரை மி.மீ. நெருக்கமாக இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் பேரிங் போல்ட்டைத் தளர்த்தி ஷாஃப்ட்டை மெல்லத் திருப்புங்கள்.

அதற்கும் முன்னால் தண்டவாளம். 22 அடிக்கும் மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டி, அடிக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மலை ஈரத்தில் அடிக்கட்டை மக்கி ஆங்கிள் இறங்கியிருந்தால் வாளைத் திருத்திப் பயனில்லை. நான்காவது அடியில் தொடங்குவதைப் பார்த்தால் எனக்கு இதிலும் சந்தேகம் உண்டு.

அடுத்தது அந்த மாவு. டிராலி நிமிடத்துக்கு 50 அடி போனால் 48 பல், 650 சுற்றில் ஒவ்வொரு பல்லும் கடிப்பது அரை மி.மீ. பல்லின் சாய்ப்பு (பல் நுனியை இடம் வலமாக வெளியே வளைத்திருக்கும் அளவு) பக்கத்துக்குக் கால் நூல் என்றால் 0.8 மி.மீ. கடி சாய்ப்பைவிட மெல்லியதானால் தூள் பல்லிடுக்கில் தங்காது; தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே கசிந்து உரசும். விளிம்பு சூடாக இதுவும் காரணம். சூடான விளிம்பு நீளும், அலைபோல் நெளியும், பிறகு நேராக அறுக்காது. பல்லை 24 ஆக்கினால் கடி 1 மி.மீ. ஆகும், தூளும் சீவலாக விழும். ஒன்றுவிட்டு ஒரு பல்லை எடுத்தால் மீதிப் பல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும் என்பதை மறக்காதீர்கள். மறுபடி இடம் வலமாகச் சாய்க்க வேண்டும். பல்லிடுக்கின் அடி வட்டமாக இருக்கட்டும். கூர்மூலை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும்.

கடைசியாக, வாள் தட்டத் தெரிந்தவரிடம் கொடுத்து டென்ஷன் (சுற்றும்போது வாள் நேராக நிற்கும்படி சுத்தியலால் தட்டி வைக்கும் இறுக்கம்) பார்க்கச் சொல்லுங்கள். 650 சுற்றுக்கு என்று சொல்லியே கொடுங்கள். வேறு வேகத்துக்குத் தட்டிய வாள் இந்த வேகத்தில் நேராக நிற்காது.

எண்ணெய்க்குழி:

பேரிங் சூட்டைத் தனிப் பிரச்சினையாக நினைக்காதீர்கள். வாள் பக்கத்து பேரிங் சூடானால் அந்தச் சூடு காலர் (வாளை ஷாஃப்ட்டில் பிடித்து நிறுத்தும் வட்டத் தட்டு) வழியாக வாளின் நடுவுக்கு ஏறி டென்ஷனைக் கெடுக்கும்.

மூடியைக் கழற்றி ஒயிட் மெட்டலைப் பாருங்கள். எண்ணெய்க் காடியில் மரத்தூள் அடைத்திருந்தால் சுத்தம் செய்து மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். வெடித்தோ ஒருபக்கம் தேய்ந்தோ இருந்தால் புதிதாக ஊற்றுங்கள். ஷாஃப்ட்டையும் கூட்டையும் முதலில் நன்றாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். நீலகிரிப் பனியில் வெறும் இரும்பிலேயே ஈரம் பூத்திருக்கும்; உருகிய உலோகம் ஈரத்தில் பட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும். முகமூடி, தோல் கையுறை கட்டாயம். ஷாஃப்ட்டில் மெழுகுவத்திப் புகைக்கரி பிடித்தால் ஒட்டாது. உலோகத்தில் பைன் குச்சியை விட்டு எடுத்தால் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். 2 அங்குல ஷாஃப்ட்டுக்கு இடைவெளி 0.05 மி.மீ., ஏறக்குறைய இரண்டு சிகரெட் தாள் கனம். ஷாஃப்ட் நீளவாட்டில் ஆடவே கூடாது.

இன்னொன்று: கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். டர்போ இல்லாத டீசல் என்ஜின் 300 மீட்டருக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். உங்கள் 12 எச்.பி. அங்கே 10 தான். சில்வர் ஓக்கில் 6 அங்குல ஆழம் வரை திணறாது. பெரிய தடியில் ஒரே தடவையில் முழு ஆழத்துக்கு வாளை இறக்காதீர்கள்.

மலைத்தச்சர்:

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலியோர சில்வர் ஓக்கில் பழைய ஆணியும் முள்கம்பியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். மெட்டல் டிடெக்டர் இல்லாமல் வாளில் ஏற்ற வேண்டாம். சரிவில் இழுத்துவந்த தடியின் பட்டையில் மண் ஏறியிருக்கும். கழுவாவிட்டால் இரண்டே தடியில் கூர் போய்விடும். சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் கொப்புளம் எழுப்பும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

கற்பூர மரம் உள்ளுக்குள் இறுக்கத்தோடு வளர்வது. ஒரே பக்கத்திலிருந்து பலகை எடுத்துக்கொண்டே போனால் தடி வில்லாக வளையும். ஒரு பலகை எடுத்ததும் தடியைப் புரட்டி எதிர்ப்பக்கத்தில் அடுத்தது. குருத்தை (தடியின் நடு மையம்) நடுச்சட்டமாக விட்டுவிடுங்கள். வாளுக்குப் பின்னால் பிளப்புத் தகடு (அறுத்த வாய் மூடாமல் விரித்துப் பிடிக்கும் தகடு) இல்லாமல் கற்பூர மரத்தைத் தொடவே கூடாது. அறுத்த வாய் மூடி வாளைக் கவ்வினால் தடி உங்கள் மேல் திரும்பி வரும். வாளின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. குளிருக்குப் போடும் மஃப்ளர், போர்வை, பெல்ட் ஓடும் கொட்டகைக்குள் வரவே கூடாது.

லைசென்ஸ் இருக்கிறதா? கூடலூரில் தொடங்கிய கோதவர்மன் வனப் பாதுகாப்பு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, லைசென்ஸ் இல்லாத மர மில்லை ஓட்டுவது பெரிய சிக்கல். தாத்தா பெயரில் பழைய காகிதம் இருந்தால் அது இன்னும் செல்லுமா என்று வனத்துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டுவதற்கும் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

காட்டுப்பலகை (கோத்தகிரி):

நன்றி அண்ணா, எல்லோருக்கும். நரம்பு கட்டிப் பார்த்தோம்: ஐந்தாவது அடியிலிருந்து தண்டவாளம் 3 மி.மீ. வாள் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. வாளின் திருப்பம் 2 மி.மீ. பிளப்புத் தகடு இல்லவே இல்லை. தகடு என்ன கனத்தில் செய்யச் சொல்வது?

வாள்பட்டறை:

வாள் தகட்டைவிடக் கொஞ்சம் கனம், அறுவை வாயைவிடக் கொஞ்சம் மெல்லிசு. வாளின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, பல்லிலிருந்து அரை அங்குலம் தள்ளி, அசையாமல் போல்ட் போடுங்கள். தண்டவாளத்தை முதலில் நேராக்கிவிட்டு, பிறகு திருப்பத்தை மறுபடி அளங்கள். இப்போது கிடைத்த 2 மி.மீ. கணக்கு அந்தக் கோணல் தண்டவாளத்தில் எடுத்தது.